எலெக்ட்ரானுக்குக் கண்ணேறு படுமா?

கல்லடி பட்டாலும் கண்ணடி படலாகாது என்பது நம் முதியோர் வாக்கு. புது வீடு கட்டினால் வாயிலில் பூசணிக்காய் தொங்குகிறது. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு ஏறுகிறது. ஊர் விட்டு ஊர் வந்து, மொழி வேறான நகரங்களில் குடியிருக்கும் நம் வீடுகளிலும் இவ்வழக்கங்கள் குறைந்துவிடவில்லை. பிறர் பார்வைக்கு ஒரு சக்தி உண்டு, அது பார்க்கப்படும் பொருளைத் தாக்கும் என்னும் எண்ணம் அத்துணைப் பழமையானது.

இந்த எண்ணத்துக்கு விஞ்ஞானமே சான்றளித்துவிட்டது என்று இப்போது ஒரு பேச்சு பரவி வருகிறது. கைப்பேசியில் வந்து சேரும் படக்காட்சிகளிலும், சில சொற்பொழிவு மேடைகளிலும் இதனைக் கேட்கிறோம். எலெக்ட்ரான் என்னும் நுண்பொருளை யாரும் பாராதபோது அது அலையாக இருக்கிறதாம். மனிதன் பார்த்தவுடன் துகளாகி விடுகிறதாம். ஆகவே உலகைப் படைப்பது நம் மனமேயாம். மனத்தால் நினைத்தால் பொருளும் மாறும், நோயும் மாறுமாம்.

இது வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டால் நாம் பேனாவை எடுக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பெரியவர் ஒருவர், இத்தகைய சொற்பொழிவைக் கேட்டு மனம் பூரித்து, இரத்த அழுத்தத்துக்காக உட்கொண்டு வந்த மாத்திரையை நாற்பது நாள் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் தற்செயலாக அறிந்து மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றனர். அபாயமின்றித் தப்பியது அவர் செய்த நல்வினை. மந்திரவாதி ஒருவன் வந்து சொல்லியிருந்தால் அவர் நகைத்து அனுப்பியிருப்பார். "குவாண்டம் விஞ்ஞானம்" என்ற பெயரைக் கேட்டே பணிந்தார். கல்வியின் மேல் நம்மவருக்குள்ள மதிப்பே இங்கே பிறருக்கு முதலாகிறது. ஆதலின், அந்த விஞ்ஞானம் மெய்யாகச் சொல்வது என்ன என்று நம் வீட்டார் அனைவரும் அறிந்துகொள்வது நன்று.

நாம் பௌதிகப் பேராசிரியர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு பொழுது போக்கும் குமாஸ்தா வகுப்பினர். ஆயினும், பதிவேடு என்பது என்ன, முத்திரை என்பது என்ன என்று அறிந்தவர்க்கு இவ்விஷயத்தின் சாரம் எளிதில் விளங்கும். அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அலையும் துகளும்

குளத்தில் ஒரு கல்லை எறிந்தால் வட்டவட்டமாக அலை விரிகிறது. அருகருகே இரு கற்களை எறிந்தால் இரண்டு அலைக்கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. மேடும் மேடும் சேருமிடத்தில் நீர் இருமடங்கு எழுகிறது. மேடும் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அசைவற்று நிற்கிறது. துகளின் இயல்பு வேறு. இரண்டு ஓட்டைகள் உள்ள பலகையை நோக்கிக் கடுகை வாரி இறைத்தால், ஓட்டைகளுக்கு நேர் பின்னே கடுகு சேரும். கடுகும் கடுகும் கூடி ஒன்றுமில்லாமற் போவது எங்கும் இல்லை.

ஒளி இவற்றுள் எவ்வகையினது? துகள் என்றார் நியூட்டன். அவர் காலத்தவரான ஹாய்கன்ஸ் அலை என்றார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறியவர் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர். 1803-ஆம் ஆண்டில் அவர், சன்னலின் சிறு துவாரத்தின் வழியே வந்த சூரியக் கதிரின் குறுக்கே மெல்லிய அட்டை ஒன்றை விளிம்புப் பக்கமாகப் பிடித்தார். அட்டையின் இருபுறமும் சென்ற ஒளி, அதன் நிழலினுள்ளே வெளிச்சமும் இருளும் மாறி மாறி அமைந்த வரிகளைக் காட்டியது. ஒரு புறத்து ஒளியை மறைத்ததும் வரிகள் மறைந்தன. ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் பிறக்குமானால் ஒளி அலையாகவே இருத்தல் வேண்டும் அன்றோ?

நூறாண்டுகள் இத்தீர்ப்பு நிலைத்தது. 1905-இல் ஐன்ஸ்டைன் மேல்முறையீடு செய்தார். உலோகத்தின் மீது ஒளி படும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதை விளக்க, ஒளி தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது என்று கொள்ள வேண்டியதாயிற்று. இப்பொட்டலத்தையே இன்று போட்டான் என்கிறோம். 1923-இல் அமெரிக்காவில் காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரான்களோடு மோதிச் சிதறுவதை ஆராய்ந்து இக்கருத்துக்கு வலுவூட்டினார்.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், 1907-இல் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்துக்காகக் கல்கத்தா சென்றவர். பகலில் கணக்கு அலுவலகம். காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். இவ்வாறு பத்தாண்டுகள் உழைத்தபின் 1917-இல் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். அவரும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் அங்குச் செய்த ஆராய்ச்சியின் பயனாக, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவு வெளிப்பட்டது. ஒளிப்பொட்டலம் ஒரு மூலக்கூறோடு சக்தியைக் கொடுத்து வாங்கி, நிறம் மாறி வெளிவருகிறது என்பது அதன் சாரம். ஊர் பெயர்ந்த தமிழர் இருவரின் கையும் இந்த வரலாற்றில் உண்டு.

அலையென்று நம்பிய ஒளி துகளின் குணம் காட்டிற்று. எனில், துகளென்று நம்பிய எலெக்ட்ரான் அலையின் குணம் காட்டலாகாதா? 1924-இல் பிரான்சில் லூயி டி பிராய் இவ்வாறு கேட்டார். 1927-இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் எலெக்ட்ரான்களை நிக்கல் படிகத்தின் மேல் செலுத்தி, அவை அலைகளைப் போலவே சிதறுவதைக் கண்டனர். அதே காலத்தில் பிரிட்டனில் ஜி.பி. தாம்சனும் இதனை நிறுவினார். 1897-இல் எலெக்ட்ரானைத் துகளாகக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சனுக்கு இவர் மகன். தந்தை துகளென்று காட்டிப் புகழ் பெற்றார். மகன் அலையென்று காட்டிப் புகழ் பெற்றார். இருவர் கூற்றும் பொய்யாகவில்லை.

ஒவ்வொன்றாக அனுப்பினால்?

பல துகள்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதனால் அலைபோலத் தோன்றுகிறதோ என்று ஐயுறலாம். 1909-இல் ஜி.ஐ. டெய்லர் இதனைச் சோதித்தார். புகையேறிய கண்ணாடிகளால் ஒளியை மிக மிக மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் விழச் செய்தார். ஒரு மைலுக்கு அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் வெளிச்சத்துக்கு ஒப்பான அவ்வொளியில் ஒரு படம் பதிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. ஆயினும் வரிகள் சிறிதும் மங்கவில்லை.

எலெக்ட்ரானைக் கொண்டு உண்மையான பிளவுகளின் வழியே இச்சோதனையை 1961-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிளாஸ் யோன்சன் செய்தார். எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தல் 1974-இல் இத்தாலியின் பொலோன்யாவில் நடந்தது. 1989-இல் ஜப்பானில் அகிரா டொனொமுராவும் தோழர்களும் அதனைப் படிப்படியாகப் படமெடுத்துக் காட்டினர். ஒன்று வந்து சேர்ந்த பின்னரே அடுத்தது புறப்படுமாறு அனுப்பினால் திரையில் காண்பது இதுவே: முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள். சில நூறு சேர்ந்தும் ஒழுங்கு தெரிவதில்லை. பல்லாயிரம் சேர்ந்தபின், மார்கழி மாதத்து வாசலில் புள்ளிகளிலிருந்து கோலம் எழுவது போல, வரிகள் எழுகின்றன.

இதன் விந்தையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எலெக்ட்ரான் வந்து விழும்போது ஒரே புள்ளியாக, முழுத் துகளாக விழுகிறது. பாதி எலெக்ட்ரானை எவரும் கண்டதில்லை. ஆனால் எங்கே விழலாம், எங்கே விழலாகாது என்பதை இரண்டு வழிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரு வழியை அடைத்துவிட்டால் வரிகள் இல்லை. தனியே வந்த எலெக்ட்ரான், தான் போகாத வழி திறந்திருக்கிறதா என்பதை எங்ஙனம் அறிந்தது? ஒரே வழியில் போயிற்று என்று நாம் கொள்வதனால்தான் இக்கேள்வி எழுகிறது. 2002-ஆம் ஆண்டில் பௌதிகப் பத்திரிகை ஒன்றின் வாசகர்கள், விஞ்ஞானத்தின் மிக அழகிய சோதனையாக இதனையே தேர்ந்தெடுத்தனர்.

வழியில் காவல் வைத்தால்?

இனி, சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருவோம். எலெக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே சென்றது என்று அறியும்பொருட்டு, பிளவுகளின் அருகே ஒரு விளக்கை வைப்பதாகக் கொள்வோம். எலெக்ட்ரான் கடக்கும்போது ஒளி அதன்மேல் பட்டுச் சிதறி வழியைக் காட்டிவிடும். அவ்வாறு வழி தெரிந்தால் வரிகள் மறைந்து, கடுகைப் போலவே பரந்த குவியல்கள் மட்டும் எஞ்சும். விளக்கை அணைத்தால் வரிகள் மீண்டும் வரும். ரிச்சர்ட் பைன்மன் தம் மாணவர்க்கு இதனை எடுத்துரைத்தபோது மற்றொன்றும் கூறினார். விளக்கொளியின் அலைநீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், ஒளி எந்தப் பிளவருகிலிருந்து வந்தது என்று பிரித்தறிய இயலாது போகும். அந்நிலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் வரிகள் மெல்லத் திரும்பும்.

மேடைப் பேச்சாளர்கள் இங்கேதான் "பார்த்ததனால் மாறிற்று" என்று முடித்துவிடுகின்றனர். பார்த்தல் என்ற சொல்லே இங்கு மயக்கம் தருகிறது. நம் பேச்சில் பார்த்தல் என்றால் கண்ணும் கருத்தும் சேர்ந்தது. பௌதிக நூலார் அச்சொல்லால் குறிப்பது வேறு.

நம் அலுவலக வழக்கிலிருந்து ஓர் உவமை கூறுவோம். ஓர் ஊருக்கு இரண்டு மார்க்கங்கள் உள்ளன. பார்சல்கள் எம்மார்க்கமாகவும் வரலாம். ஒவ்வொரு மார்க்கத்திலும் ஒரு குமாஸ்தா பார்சலின் மேல் தம் நிலைய முத்திரையைக் குத்தி அனுப்புகிறார். வந்து சேருமிடத்தில் அம்முத்திரையை ஒருவர் படிக்கலாம். படிக்காமல் மூலையில் போடலாம். படித்தாலும் படியாவிட்டாலும் முத்திரை முத்திரையே. எப்போது வேண்டுமாயினும் எடுத்துப் பார்த்து வழியைச் சொல்லிவிடலாம். எலெக்ட்ரானின் வரிகளைக் கலைப்பது இம்முத்திரைதான். படிப்பவர் கண்ணுக்கு அதில் பங்கில்லை. எந்த வழி என்னும் செய்தி உலகில் எங்கேனும், எதன் மீதேனும் பதிந்துவிட்டால் போதும். விளக்கொளியின் போட்டான் அம்முத்திரையைத் தாங்கிச் செல்கிறது. அதனை ஒரு விஞ்ஞானி கண்டாரா, கருவி கண்டதா, சுவரில் பட்டு மறைந்ததா என்பது ஒரு பொருட்டே அன்று.

இவ்வுவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. முத்திரை இல்லாத பார்சலும் ஏதோ ஒரு மார்க்கமாகத்தான் வந்திருக்கும். நாம் அறியோம், அவ்வளவே. முத்திரை இல்லாத எலெக்ட்ரான் அப்படியன்று. அது ஏதோ ஒரு வழியாக மட்டும் வந்ததென்று கொண்டால் வரிகளுக்கு விளக்கமே இல்லாமற் போகும். உண்மையான விந்தை இங்கே இருக்கிறது, கண்ணில் இல்லை.

வீட்டுச் சுவரில் ஒரு சோதனை

இதனைப் பிள்ளைகள் வீட்டிலேயே ஓரளவு செய்து காணலாம். மேடைப் பேச்சாளர் திரையைச் சுட்டப் பயன்படுத்தும் சிறிய சிவப்பு லேசர் விளக்கொன்று வேண்டும். அதன் ஒளியை ஒருபோதும் கண்ணில் படவிடலாகாது. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் அவசியம். இருண்ட அறையில், நீட்டிப் பிடித்த ஒரு தலைமயிரின் மேல் அவ்வொளியைச் செலுத்தினால், மூன்று மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் வெளிச்சமும் இருளுமாக வரிகள் தோன்றும். வரிக்கு வரி ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். யங் தம் அட்டையில் கண்ட காட்சியின் உறவே இது.

அடுத்து, போலராய்டு தகடு என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வேண்டும். ஒளியின் அதிர்வு பல திசைகளில் இருக்க, ஒரே திசை அதிர்வை மட்டும் அது வெளியே விடும். இரு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒன்றில் அதிர்வு நெட்டாகவும் மற்றொன்றில் கிடையாகவும் இருக்குமாறு அமைத்து, சேர்க்கைக் கோட்டின் மேல் ஒரு மெல்லிய கம்பியை நிறுத்த வேண்டும். இப்போது கம்பியின் இடப்புறம் செல்லும் ஒளிக்கு நெட்டு முத்திரை. வலப்புறம் செல்லும் ஒளிக்குக் கிடை முத்திரை. சுவரில், கம்பியின் இருபுறத்து ஒளியும் கூடி உண்டாக்கிய நெருங்கிய வரிகள் மறைந்துவிடும்.

இங்கே யார் பார்த்தார்? சுவரைப் பார்க்கும் நம் கண்ணுக்கு நெட்டு அதிர்வும் கிடை அதிர்வும் ஒன்றுபோலவே தெரியும். முத்திரையை எவரும் படிக்கவில்லை. ஆயினும் வரிகள் இல்லை.

இன்னும் ஒரு படி உண்டு. சுவருக்கு முன்னே மூன்றாவது தகடொன்றை, இரண்டு திசைகளுக்கும் நடுவாக 45 பாகை சாய்த்துப் பிடித்தால் வரிகள் மீண்டு வரும். சாய்ந்த தகட்டைக் கடந்துவந்த ஒளி முழுவதும் ஒரே சாய்வில் அதிர்வதால், நெட்டு முத்திரையும் கிடை முத்திரையும் அழிந்துபோயின. தகட்டை எதிர்ப்புறமாக 45 பாகை சாய்த்தாலும் வரிகள் வரும். ஆனால் முன்பு இருள் இருந்த இடத்தில் வெளிச்சமும், வெளிச்சம் இருந்த இடத்தில் இருளுமாக இடம் மாறி நிற்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரியில்லாத பழைய காட்சியே கிடைக்கும். ஆகவே மூன்றாவது தகடு கழிந்துபோனதைத் திருத்தவில்லை. கலந்துகிடந்த இரண்டு கோலங்களுள் ஒன்றைப் பொறுக்கிக் காட்டுகிறது. வீட்டு லேசரில் கோடானுகோடி போட்டான்கள் ஒன்றாக வருவதால் இதனை அலைக்கணக்கைக் கொண்டும் விளக்கிவிடலாம். ஒவ்வொரு போட்டானாக அனுப்பி ஆய்வுக்கூடங்களில் செய்தபோதும் முடிவு மாறவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது.

தள்ளிவிட்டதனால் கெட்டதோ?

எலெக்ட்ரானின் மேல் ஒளி மோதித் தள்ளிவிட்டதனால் வரிகள் கலைந்தன என்று சிலர் கூறுவர். 1927-இல் ஹைசன்பர்க் இத்தகைய விளக்கம் ஒன்றையே கொடுத்தார். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1998-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக் கழகத்தில் ருபீடியம் அணுக்களை இரு வழியாகப் பிரித்து, அவை சென்ற வழியை அணுவின் உள்நிலையிலேயே நுண்ணலைகளைக் கொண்டு குறித்து வைத்தனர். அந்நுண்ணலை கொடுக்கும் தள்ளல், வரிகளைக் கலைப்பதற்கு வேண்டிய அளவில் மிகச் சிறு பங்கே. எனினும் வரிகள் அடியோடு மறைந்தன. தள்ளுதல் அன்று, குறித்தலே காரணம் என்பது இதனால் ஐயமற விளங்கிற்று.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துச் சோதனை இன்னும் தெளிவானது. அங்கு 1999-இல், 60 கரி அணுக்கள் பந்துபோல் சேர்ந்த பெரிய மூலக்கூறுகளையும் அலைபோல் வரி காட்டச் செய்தனர். பின்னர் 2004-இல், 70 கரி அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை, வழியில் செல்வதற்கு முன்னரே லேசரால் சூடேற்றினர். கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு தானே ஒளிவிடுவதுபோல, சூடேறிய மூலக்கூறு தன் வெப்பத்தைப் போட்டான்களாக வெளிவிடுகிறது. அவை அது செல்லும் வழியை வெளியுலகுக்குக் காட்டிக் கொடுக்கின்றன. சூடு ஏற ஏற வரிகள் மங்கி, இறுதியில் மறைந்தன. வெளியே விளக்கும் இல்லை, அந்தப் போட்டான்களைப் பிடித்துப் பார்க்க எவரும் அமரவும் இல்லை. மூலக்கூறு தானே தன் வழியைப் பதிவு செய்துவிட்டது. அரைகுறைச் சூட்டில் அரைகுறை வரி; முத்திரை தெளியத் தெளிய வரி மறையும்.

சந்திரன் இருக்கிறதா?

நாம் பார்க்கும்போது மட்டுந்தான் சந்திரன் இருக்கிறதா என்று ஐன்ஸ்டைன் தம் நண்பர் ஆபிரகாம் பைசிடம் ஒருநாள் நடந்து செல்கையில் கேட்டார். புதிய பௌதிகத்தின் மேல் அவருக்கிருந்த மனக்குறையின் வெளிப்பாடு அது. இன்று அக்கேள்விக்கு ஒரு பகுதி விடை உண்டு. சந்திரனின் மேல் ஒவ்வொரு கணமும் சூரியனின் கோடானுகோடி போட்டான்கள் பட்டுத் தெறிக்கின்றன. அவை ஒவ்வொன்றும் சந்திரன் இருக்குமிடத்தின் முத்திரையைத் தாங்கி விண்வெளியில் விரைகின்றன. பூமியில் எல்லாரும் உறங்கினாலும் அப்பதிவு நிற்பதில்லை.

நம் வீட்டுக் குடமும் கட்டிலும் அலைபோல் நடந்துகொள்ளாத காரணமும் இதுவே. காற்றின் மூலக்கூறுகள், வெளிச்சம், பொருளின் சொந்தச் சூடு ஆகிய யாவும் இடைவிடாது அவற்றைப் பதிவு செய்துகொண்டே இருக்கின்றன. ஜெர்மானியரான ஹெச்.டி. சே 1970 முதல் இக்கருத்தை வளர்த்தார். சுற்றுப்புறத்தினின்றும் பொருளைக் காத்தால் அலைக்குணத்தை நெடுந்தூரம் காக்கலாம். 2019-இல் வியன்னாவிலேயே ஏறத்தாழ 2,000 அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளும் வரிகளைக் காட்டின.

தீராத கேள்வி ஒன்று

இவ்வளவினால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கூறுவது பொருந்தாது. முத்திரை பதிந்தால் வரிகள் ஏன் மறைகின்றன என்பது விளங்கிற்று. ஆனால் பல இடங்களுள் எலெக்ட்ரான் இந்த ஓரிடத்தில் மட்டும் புள்ளியாக விழுந்தது ஏன் என்னும் கேள்வி, அறிஞரிடையே இன்றும் வழக்காகவே இருக்கிறது. கருவியின் முடிவே இறுதி என்னும் போக்கில் நீல்ஸ் போர் கூறினார். எல்லா முடிவுகளும் வெவ்வேறு கிளைகளில் நிகழ்கின்றன என்று 1957-இல் ஹியூ எவரெட் கூறினார். மனிதனின் உணர்வே முடிவைத் தீர்க்கிறது என்னும் கருத்தை 1961-இல் முன்வைத்தவர் யூஜின் விக்னர். அவர் பெரும் விஞ்ஞானி. அக்கருத்தை எள்ளி நகையாடுவது தகாது. ஆனால் அவரே தம் பிற்காலத்தில், சுற்றுப்புறம் பதிவு செய்வதைப் பற்றிய ஆராய்ச்சிகளைக் கண்டு, அதனைக் கைவிட்டார். மேடைப் பேச்சாளர் 1961-ஆம் ஆண்டைச் சொல்கின்றனர், பிற்காலத்தைச் சொல்வதில்லை.

எந்தக் கொள்கையை ஏற்பினும் ஒன்று உறுதி. எலெக்ட்ரான் எங்கே விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1926-இல் மாக்ஸ் பார்ன் கணக்கு வகுத்தார். அந்தக் கணக்கில் பார்ப்பவரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. நல்லவர் பார்த்தாலும் தீயவர் பார்த்தாலும், ஆசையோடு பார்த்தாலும் அலுப்போடு பார்த்தாலும், புள்ளிகள் அதே விகிதத்தில்தான் விழும். விரும்பிய இடத்தில் ஒரே ஒரு புள்ளியை விழச் செய்யக்கூட மனத்தால் இயலாதபோது, இரத்தக் குழாயின் அழுத்தத்தை மனத்தாலே மாற்றலாம் என்பதற்கு இப்பௌதிகத்தைச் சாட்சி கூப்பிடுவது பொய்ச்சாட்சி. பிரார்த்தனையும் தியானமும் மனத்துக்கு அமைதி தருவன. அவற்றைச் செய்வார் செய்க. அவற்றுக்கு எலெக்ட்ரானின் சிபாரிசு தேவையில்லை.

காவல்காரனாகும் முத்திரை

முத்திரை பதியாமல் செய்தியை எடுக்க இயலாது என்னும் இவ்விதி, இன்று பயனுள்ள ஒரு கருவியாகவும் ஆகியிருக்கிறது. 1984-இல் சார்லஸ் பென்னட்டும் ஜில் பிரசாடும் ஒரு திட்டம் வகுத்தனர். இரகசியச் சாவியைத் தனித்தனிப் போட்டான்களின் அதிர்வுத் திசையில் எழுதி அனுப்ப வேண்டும். நடுவழியில் ஒருவன் அதனை ஒற்றறிந்தால் அவன் செயலே போட்டான்களில் பிழைகளை உண்டாக்கிவிடும். அனுப்பியவரும் பெற்றவரும் சில எழுத்துக்களை ஒப்பிட்டாலே திருட்டு வெளிப்படும். உறையைப் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டும் வித்தை இங்குச் செல்லாது.

நம் நாட்டிலும் இப்பணி நடந்துவருகிறது. 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 300 மீட்டர் தொலைவுக்கு வெட்டவெளியில் இம்முறையில் செய்தி அனுப்பிக் காட்டினர். 2022 பிப்ரவரியில், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையாரும் தில்லி ஐ.ஐ.டி.யாரும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலத்துக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடி இழைவழியில் இதனைச் செய்தனர். அவ்விரண்டும் நம்மில் பலர் இரயிலில் கடந்த நிலையங்கள். 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க இசைந்தது. நம் பிள்ளைகளுள் சிலருக்கு இத்துறை நாளை சோறு போடவும் கூடும். அவர்கள் காதில் இச்சொல் முதன்முதலாக விழும்போது அது மெய்ப்பொருளோடு விழட்டும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்று சொல்லி வளர்ந்தவர் நாம். "குவாண்டம்" என்று ஒருவர் மேடையேறி நோய் தீர்க்க முன்வந்தால், பணிவோடு ஒரு கேள்வி கேட்போம்: "ஐயா, எந்த வழியின் முத்திரை எதன் மேல் பதிந்தது?" விஷயம் அறிந்தவர் மகிழ்ந்து விடை கூறுவார். அறியாதவர் பேச்சை மாற்றுவார். இரண்டும் நமக்குப் பயனே.

வரும் பொங்கல் விழாவில் நம் சங்கப் பிள்ளைகளின் பொருட்காட்சிக்கு ஒரு மேசையை இதற்கென ஒதுக்கலாம் என்பது நம் விண்ணப்பம். ஒரு சிறு லேசர் விளக்கு, மூன்று துண்டு போலராய்டுத் தகடு, ஒரு மெல்லிய கம்பி, வெள்ளைச் சுவர், இருட்டறை, உடன் நிற்க ஒரு பெரியவர். இவ்வளவே வேண்டும். வரிகள் மறைவதையும் மீள்வதையும் தம் கையாலேயே செய்து கண்ட பிள்ளையை எந்தச் சொற்பொழிவும் எளிதில் ஏமாற்ற முடியாது.